நாற்றாகவே கொண்டு போகச் சொன்ன பூ

போன மாதம் என் பேத்தியின் கல்யாணத்தில் நான் மேடையேறி, மணமக்களின் கதிரைக்குப் பின்னால் இருந்த சாடியிலிருந்து ஒரு கொத்துப் பூவைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியதை உங்களில் சிலர் பார்த்தீர்கள். முன்வரிசையில் என்னோடு இருந்த என் வயதுக்காரிகளைத்தான் சொல்கிறேன். கிழவிக்கு மறதி தொடங்கிவிட்டது என்று ஒருவர் காதில் ஒருவர் ஓதியதும் எனக்குக் கேட்டது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மறதியும் இல்லை. ஒரு விடயத்தில் மட்டும் மறதி வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பூ உங்களுக்கும் தெரிந்ததுதான். இப்போது மண்டபத்துக்கு மண்டபம் அதை ரோசாக்களுக்கு நடுவில் இடம் நிரப்ப வைக்கிறார்கள். கத்தரிப்பூ நிறம். தொட்டால் பூவைத் தொட்டது போலவே இராது. பெருநாள் உடுப்புச் சுற்றி வந்த மெல்லிய தாளைக் கசக்கியது போலச் சரசரக்கும். அதன் பெயர் ஸ்டாட்டிஸ் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் வளவில் அது பூத்த காலத்தில் அதற்குப் பெயரே இருக்கவில்லை. சாச்சாட பூ என்றுதான் சொன்னோம். அந்தப் பூவினால்தான் எங்கள் சாச்சி, இருபது வயதில் நிச்சயமாகியிருந்த மறுகல்யாணத்தை வேண்டாமென்று சொல்லி, இன்றுவரை தனியாக இருக்கிறார். அதில் என் வாய்க்கும் பங்கு இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாச்சி என் உம்மாவின் ஒரே தங்கச்சி. வீடு பெண்பிள்ளைக்கு என்பது நம் பக்கத்து வழக்கம் ஆகையால் உம்மாவுக்கு ஒன்று, சாச்சிக்கு ஒன்று என ஒரே வளவில் இரண்டு வீடு. நடுவில் ஒரு கிணறு. கடல் இரைவது கேட்கிற தூரம். வளவு முழுக்க மணல். தென்னையும் முருங்கையும் தவிர வேறெதுவும் அதில் உருப்பட்டதில்லை. உம்மா வருடா வருடம் எங்காவது கேட்டு வாங்கி ரோசாத் தடி நடுவார். உப்புக்காற்றும் வருடா வருடம் தவறாமல் வந்து அதைக் கருக்கிவிட்டுப் போகும்.

வாப்பாவும், சாச்சியின் மாப்பிள்ளையான சாச்சாவும் சேர்ந்து சாரன் வியாபாரம் செய்தார்கள். மருதமுனைத் தறிகளில் நெய்த சாரன்களைப் பொட்டணமாகக் கட்டி மட்டக்களப்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பதுளை பஸ்ஸில் ஏற்றி, மலைநாட்டில் விற்பார்கள். பதுளைக்கும் மேலே ஒரு ஊரில் சிறிய கடையொன்றை வாடகைக்கு எடுத்து, சாச்சா மாதக்கணக்கில் அங்கேயே இருப்பார். வாப்பா சரக்கோடு போய்வருவார். சாச்சாவுக்குச் செடிகொடியில் ஒரு கிறுக்கு. அங்கே ஒரு துரையின் பங்களாத் தோட்டத்தைப் பராமரித்த தோட்டக்காரர் அவருக்குக் கூட்டாளியானார். மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் அஞ்சாத பூ ஒன்று இருக்கிறது, பச்சையாகச் சாடியில் வைக்கலாம், காயவைத்தால் வருடக்கணக்கில் நிறம் மாறாது என்று சாச்சாவுக்குக் காட்டியவர் அவர்தான். கல்லோயாத் திட்டத்துக்காக இங்கினியாகலையில் பங்களாக்கள் எழும்பிய காலம் அது. அங்கே இருந்த எஞ்சினியர் வீட்டு நோனாமார் சாடியில் வைக்கப் பூ கிடைக்காமல் அலைகிறார்கள் என்று சாச்சா கேள்விப்பட்டிருந்தார். மனிசனுக்கு அது போதும்.

மாரி ஓய்ந்து தை பிறந்திருந்தது. மலையிலிருந்து திரும்பிய வாப்பாவின் தோளில் பாதியாக அறுத்த தேயிலைப் பெட்டியொன்று இருந்தது. உள்ளே பாசி பொதிந்து ஐம்பது அறுபது நாற்று. சாச்சி தலைச்சீலையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"அவர் வரல்லையா மச்சான்?"

"அடுத்த மாசம் வாறாராம். அதுக்குள்ள இத நட்டு வெக்கட்டாம்."

"விதையும் தந்தாரா?"

"நானும் விதைதான் கேட்டன். அந்தத் தோட்டக்காரன் தந்தாத்தானே! விதை வேணாம், நாத்தாவே கொண்டு போங்க எண்டு ஒரே புடியா நிண்டான். வேணுமெண்டா வருசா வருசம் வந்து எடுக்கட்டாம். கெட்டிக்காரன். விதையக் குடுத்தா நாம அவன்ட வாசலுக்குத் திரும்பப் போவமா?"

உம்மா சிரித்தார், சாச்சி சிரித்தார், விளங்காமலே நானும் சிரித்தேன். அந்த மனிசனை நாங்கள் சிரித்த சிரிப்பு இப்போது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

சாச்சியும் நானும் கிணற்றுக்கு வடக்கே மணலைக் கொத்தி, ஆட்டுப் புழுக்கை கலந்து, நாலு வரிசையாக நட்டோம். இலைகள் மண்ணோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன. எதிர் ஒழுங்கையில் இருந்த மாமி, வாப்பாவின் தங்கச்சி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதென்னகா, முள்ளங்கியா போட்டிரிக்கீங்க?" என்று கேட்டார்.

நட்டு மூன்று வாரம் ஆகியிராது. தந்தி வந்தது. காய்ச்சலில் சாச்சா மௌத்து. அன்றைக்கே அங்கேயே அடக்கிவிட்டார்கள். அடக்கி மூன்றாம் நாள்தான் அந்தத் தந்தி எங்கள் கையில் கிடைத்தது. இனிப் போய் யாருடைய முகத்தைப் பார்ப்பது என்று வாப்பா போகவில்லை. பிறகு கடையை மூடச் சரக்கெடுக்கப் போகும்போது கபுறைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அது அவர் செய்த முதல் பிழை. அன்றே போயிருந்தால் எந்த இடம் என்று கண்ணால் கண்டிருப்பார்.

சாச்சி துக்கம் காக்கும் இத்தாவில் உட்கார்ந்தார். நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளைச் சீலை, வெறுங்கழுத்து, உள்ளறையில் ஒரு பாய். யன்னலுக்குப் பழைய சாக்கு. அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. அக்காவின் மாப்பிள்ளையும் அந்நியர்தான் என்பதால், ஒரே கிணற்றில் அள்ளிக் குடித்தும் வாப்பாவும் சாச்சியும் ஒருவரோடு ஒருவர் கதைக்க முடியாது. இடையில் சேதி காவ ஆள் வேண்டும். எனக்கு ஒன்பது வயது, வாயும் நீளம். அந்த வேலை எனக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வாப்பா சொல்லிவிடுவதை நான் அப்படியே கொண்டுபோவதில்லை. "சாச்சி சாப்பிட்டாவா எண்டு கேளு" என்றால், "சாப்பிடாம இரிந்தா வாப்பா கோவிப்பாராம்" என்று ஒரு வால் சேர்ப்பேன். சாச்சி இரண்டொரு தரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு எந்தச் சேதி கொண்டுபோனாலும், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து முதலில் இதைத்தான் கேட்பார்:

"இது மச்சான் சொன்னதா, நீ சொல்றதா?"

சுபஹுத் தொழுகை முடிந்து வாப்பா கடைத்தெருவுக்குப் புறப்பட்டதும் நான் போய்ச் சொல்வேன். சாச்சி அறையை விட்டு வளவுக்கு இறங்குவார். அந்த ஒரு மணித்தியாலம்தான் அவருக்கு வெளிச்சம். முதல் மாதம் அளவில்லாமல் தண்ணீர் ஊற்றினார். ஏழெட்டுக் கன்று நடுக்குருத்து அழுகிப் போனது. பிறகு மணலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, விரல் நுனியில் ஈரம் படாத நாளில் மட்டும் ஊற்றக் கற்றுக்கொண்டார். அழவில்லை. அழுதாரென்றால் எனக்குத் தெரியாமல் அழுதிருக்க வேண்டும்.

சித்திரையில் தண்டு கிளம்பியது. தண்டின் இரு பக்கமும் ஓடியது ஓர் இலை விளிம்பு, சட்டைக்குத் தைத்த கரை மாதிரி. உச்சியில் கொத்துக் கொத்தாகச் சின்னக் கிண்ணங்கள்: ஊதா, மஞ்சள், கொஞ்சம் ரோசா நிறம். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் வெள்ளையாய் ஒரு பொட்டுப் பூ. அந்த வெள்ளைதான் உண்மையான பூவாம். அது நாலு நாளில் உதிர்ந்துவிடும். நிறத்தோடு நிற்பது அதைத் தாங்கிய கிண்ணம்தான். எங்கள் மணலில் அப்படி ஒரு நிறத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. ஏனென்று அப்போது தெரியவில்லை.

மாமிக்கும் அந்த நிறம் வேலிக்கு அப்பாலிருந்தே தெரிந்தது.

"இத்தாவில இரிக்கிறவள் பூமரம் வளத்தா ஊரு என்னகா கதைக்கும்?"

"அது பூமரம் இல்ல மச்சி, கீர" என்றார் உம்மா.

"ஊதா நிறத்திலயா கீர?"

"மலைநாட்டுக் கீர அப்பிடித்தான்."

உம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். என்னைப் போல வால் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் ஜீப்பில் இங்கினியாகலை நோனா ஒருவர் வந்தார். சாச்சா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதத்தைப் பார்த்து வந்தவர். பெண்பிள்ளை என்பதால் உள்ளே விட்டோம். சாச்சி தானே இறங்கி, பனி காய்ந்த தண்டுகளாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். நோனா எங்கள் பித்தளைச் செம்பில் தண்ணீர் ஊற்றி, உயரமானதை நடுவிலும் குட்டையானதைச் சுற்றிலும் செருகி, இப்படித்தான் வைப்பது என்று காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கதவடியில் கிடந்த சாச்சாவின் செருப்பை நோனா கண்டார். அதை இன்னும் யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. பிறகு சாச்சியின் வெள்ளைச் சீலையைப் பார்த்தார். போகும்போது சாச்சியின் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனார்.

ஜீப் போன பிறகு சாச்சி உம்மாவிடம் சொன்னார்: "மிச்சத்த விக்க மாட்டன் ராத்தா. காயவெச்சி அவர்ட கபுறுக்கு அனுப்பப் போறன்."

கபுறின் தலைமாட்டில் பச்சைக் கொப்பு ஊன்றுவது நமக்குப் பழக்கம்தானே. அது வாடாமல் இருக்கிற வரைக்கும் அல்லாஹ்வைத் துதித்துத் தஸ்பீஹ் செய்யும், அடங்கியிருப்பவருக்கு இலேசாகும் என்று சின்ன வயதில் நாம் எல்லோரும் கேட்டதுதான். இங்கிருந்து கொப்பு முறித்து அனுப்பினால் மகாஓயா தாண்டுமுன்பே வாடிவிடும். வாடாத பொருள் சாச்சியிடம் இந்த ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம். நான் ஓதப்போகும்போது, ஓதித்தருகிற லெப்பையிடம் கேட்டு வரச்சொன்னார்.

"காஞ்ச பூ தஸ்பீஹ் செய்யுமா லெப்பை?"

"காஞ்சதுக்கு இல்ல புள்ள. பச்சைக்குத்தான் சொன்ன."

"இது காஞ்சும் வாடாதே. நிறம் அப்பிடியே கெடக்குமே."

லெப்பை தாடியைத் தடவினார். கிதாபில் அப்படியொரு பூ இல்லைப் போலும். "அல்லாஹ்தான் அறிவான். அவ மனசுக்கு ஆறுதலா இரிந்தா அனுப்பட்டும்" என்றார். சாச்சிக்கு அது போதுமாயிருந்தது. லெப்பை சொன்னதா நீ சொல்றதா என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

நோன்பு மாதத்தில் வெட்டினோம். கிண்ணங்களெல்லாம் விரிந்த தண்டாகப் பார்த்து, விரல் தடிப்புக்குக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயில் பட்டால் நிறம் போய்விடும். இருட்டும் காற்றும் வேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட அறை ஒன்றுதான் இருந்தது. இத்தா அறை. கூரை வளையெல்லாம் பூக்கட்டுத் தொங்க, அதன் கீழே சாச்சி வெள்ளைச் சீலையோடு பாயில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருப்பார். வைக்கோலும் பழந்துணியும் கலந்த மாதிரி ஒரு வாசம். ஓதி நிறுத்தினால் மேலே சரசரப்பது கேட்கும்.

பெருநாள் கழிந்து வாப்பா கடையை மூட மலைக்குப் புறப்பட்டார். சாச்சி கட்டுகளில் நல்லதாகத் தெரிந்து ஒரு பெருங்கொத்தாக்கி, சாச்சாவின் பழைய சாரனில் கிழித்த நீலக் கரையால் கட்டி, செய்தித்தாளில் சுற்றி என் கையில் தந்தார்.

"இத்தா முடிய முந்தி இது போய்ச் சேரணும் எண்டு சொல்லு. நான் அவர்ட பொஞ்சாதியா இரிக்கக்கயே போகணும்."

வாப்பாவிடம் வால் சேர்க்காமல் அப்படியே சொன்னேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பத்து நாளில் திரும்பினார். லுஹர் தொழுகைக்கு முந்திய மத்தியான நேரம். உம்மா அடுப்படியில் இருந்தார். வாப்பா நேரே கிணற்றடிக்குப் போய், முருங்கை மரத்தடியில் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தச் செய்தித்தாள் பொட்டணம். நீலக் கரை வெளியே தெரிந்தது. நான் நிற்பதைக் கண்டதும் அவர் முகம் போன போக்கை எப்படிச் சொல்வேன்!

"வெக்கல்லையா வாப்பா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். சித்திரை மழையில் மேட்டு மண் சரிந்து, சாச்சாவை அடக்கிய மையவாடியின் கீழ்ப் பக்கத்தை மூடிவிட்டதாம். புதுக் கபுறுகளுக்கு அடையாளமாக நட்ட மீசான் கட்டைகளெல்லாம் மண்ணோடு போய்விட்டன. அந்தப் பள்ளி மோதினார் கையைச் சுற்றிக் காட்டி, இதுக்குள்ள ஒண்டு என்றாராம்.

"ஆர்ட கபுறெண்டு தெரியாம எங்க மகள் வெக்கிற? சாச்சிட்ட வெச்சிட்டன் எண்டு சொல்லு. கபுறும் இல்ல எண்டா அவள் தாங்க மாட்டாள்."

மண்ணைத் தள்ளி மூடினார். கையைக் கழுவிவிட்டு நின்று துஆக் கேட்டார்.

நான் திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"வாப்பா வந்திட்டார். பூ வெச்சிட்டாராம்."

"இது மச்சான் சொன்னதா, நீ சொல்றதா?"

"வாப்பா சொன்ன."

திரைக்குப் பின்னால் சாச்சி பாயிலிருந்து எழும்புவது கேட்டது. பிறகு, "எங்கயாம் வெச்ச? தலமாட்டிலயா, கால்மாட்டிலயா?"

இதற்கு வாப்பா ஒன்றும் சொல்லித் தரவில்லை. "தலமாட்டில. மீசான் கட்டையில சாத்தி வெச்சாராம். ஆடாம இரிக்க ரெண்டு கல்லும் வெச்சாராம்."

அந்த இரண்டு கல்லும் என்னுடையவை. சாச்சி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அழத் தொடங்கினார். இத்தாவுக்குள் அவர் அழுது நான் கேட்டது அன்றுதான்.

இத்தா முடிந்து நாலைந்து மாதத்தில் ஒரு சம்மந்தம் வந்தது. மருதமுனையில் நாலு தறி வைத்திருந்த மனிசர். முதல் மனைவி பிள்ளைப்பேற்றில் போனவர். நல்ல மனிசர் என்பதை நாம் எல்லோரும் பிறகும் கண்டோம்தானே. உம்மா பயந்து பயந்துதான் சொன்னார். சாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "செய்ங்க ராத்தா. பூவும் போய்ச் சேந்திட்டு. அவர் பொருந்திக்குவார்" என்றார். வரும் நோன்புப் பெருநாள் கழித்துக் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். சாச்சி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தண்ணீர் அள்ளியதை நான் பார்த்தேன். அந்த ஆறு மாதம் அவர் எவ்வளவு அழகாக இருந்தார் தெரியுமா?

அந்தத் தையில் சாச்சி பூப் போட ஆயத்தமானார். வளையில் மிச்சமிருந்த கட்டுகளை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கிண்ணத்துக்கொரு விதை உதிரும். வாப்பா உம்மாவிடம், "மலைக்கு ஆள் அனுப்பி நாத்து எடுப்பமா எண்டு கேளு" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சாச்சி சிரித்தார். "விதை கையில இரிக்கக்க நாத்து என்னத்துக்கு? அந்தத் தோட்டக்காரன்ட வித்தை இனி நம்மளுக்கிட்டப் பலிக்காது."

விதை முளைத்தது. போன வருடத்தைவிட இலை பெரிது, பச்சையும் அதிகம். ஒரு கன்றும் அழுகவில்லை. பங்குனி போனது, சித்திரையும் போனது. தண்டு வரவில்லை. கல்யாணப் பந்தலுக்குத் தென்னோலைக் கிடுகு வந்து இறங்கியது, தண்டு வரவில்லை. சாச்சி ஒவ்வொரு நாளும் குந்தியிருந்து ஒவ்வொரு கன்றின் நடுவிலும் இலையை விலக்கிப் பார்ப்பார். முணுமுணுத்த பாட்டு நின்றுபோனது.

பெருநாளைக்கு ஒரு கிழமை இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். வரிசைக்கு நடுவில் மணலில் உட்கார்ந்திருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"போன வருசம் வந்து சொன்னாயே, பூவத் தலமாட்டில வெச்ச எண்டு. அது மச்சான் சொன்னதா, நீ சொன்னதா?"

நான் கையை உருவப் பார்த்தேன்.

"எனக்கு இல மட்டும்தான் தாறார் மகள். அவருக்கு என்னமோ கொற. பூவ வெச்சாங்களா, இல்லையா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. தண்டு வராத ஒவ்வொரு நாளும் என் பொய்யால்தான் வரவில்லை என்று நினைத்து, இராத்திரி சூரா ஓதி ஓதிப் படுத்திருந்தேன். பத்து வயது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முருங்கை மரத்தைக் காட்டினேன்.

கையாலேயே தோண்டினார். பூ ஒன்றும் மிஞ்சவில்லை. கறுத்த தண்டும் அந்த நீலக் கரையும்தான் வந்தன. கரையில் ஒட்டிய மணலைத் தட்டி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

வாப்பா வந்ததும் நடந்ததைச் சொல்லி, மண் சரிந்ததைச் சொல்லி, தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். சாச்சி சத்தம் போடவில்லை.

"கபுறு தெரியல்ல எண்டா தெரியல்ல எண்டு சொல்லியிரிக்கலாமே மச்சான். நான் அந்தப் பூவ என்னோட வெச்சிக்கிட்டு இரிந்திருப்பனே."

வாப்பாவோடு அவர் கதைத்த கடைசிக் கதை அது. உம்மாவிடம் திரும்பி, "எனக்குக் கல்யாணம் வேணாம் ராத்தா. அவர் கோவமா இரிக்கார்" என்றார். லெப்பை வந்து, மௌத்தானவருக்கும் பூமரத்துக்கும் என்ன தொடுப்பு என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னார். மருதமுனை மனிசர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். சாச்சி அசையவில்லை. பந்தலுக்கு வந்த கிடுகால் உம்மா கோழிக்கூட்டை மேய்ந்தார். சாச்சி படலையைத் திறந்து ஒழுங்கையில் நின்ற ஆடுகளை உள்ளே விட்டார்; நாலு வரிசையும் மத்தியானத்துக்குள் முடிந்தது.

வாப்பா அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் அதே வளவில் இருந்தார். மௌத்துக்கு இரண்டு நாள் முன் என்னைக் கூப்பிட்டு, சாச்சியிடம் மன்னிப்புக் கேட்டு, பொருத்தம் வாங்கி வரச்சொன்னார். நான் பேரப்பிள்ளை காணப் போகிற வயதில் திரும்பவும் சேதி காவினேன். சாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு, "பொருந்தினன் எண்டு சொல்லு" என்றார். வந்து சொன்னேன். வாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சை அவர் நம்பினாரோ தெரியாது.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். மேடை சோடிக்க வெலிமடைப் பக்கத்திலிருந்து வந்தவர் அந்தப் பூவைத் தானே பயிரிடுகிறவர். இதை எங்கள் ஊரில் ஒரு காலத்தில் போட்டோம், முதல் வருடம் பூத்தது, அடுத்த வருடம் இலைதான் வந்தது என்று பேச்சுக்குச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"விதை போட்டிருப்பீங்க. அது சின்னதா இருக்கிறப்ப சில கிழமை நல்லாக் குளிர்ல நிக்கணும்மா. குளிர் படாட்டி இலையாத்தான் போகும், பூக்காது. கீழ கொண்டு போறவங்களுக்கு நாங்க விதையே குடுக்க மாட்டோம், நாத்தாத்தான் குடுப்போம்."

அந்தத் தோட்டக்காரர் கஞ்சனும் இல்லை, தந்திரக்காரனும் இல்லை. உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். ஏன் என்று ஒருவராவது அவரைக் கேட்டிருந்தால்! அப்போதுதான் நான் மேடையேறினேன்.

மறுநாள் காலையில் அந்தக் கொத்தோடு சாச்சியிடம் போனேன். எண்பது கடந்துவிட்டது, இரண்டு கண்ணிலும் புகை. கட்டிலில் சாய்ந்திருந்தார். கொத்தைக் கையில் வைத்தேன். சரசரத்தது. விரல்கள் அப்படியே நின்றன.

"இது எங்கால?"

சொன்னேன். குளிரைச் சொன்னேன், நாற்றைச் சொன்னேன், நாங்கள் சிரித்த தோட்டக்காரரைச் சொன்னேன். ஆர் போட்டிருந்தாலும் நம் மணலில் அந்த விதை இலையாகத்தான் போயிருக்கும் என்று சொன்னேன். சாச்சி கனநேரம் பூவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவர் என்னோட கோவிக்கல்லையா மகள்?"

"இல்ல சாச்சி. ஒருநாளும் கோவிக்கல்ல."

புகை படிந்த கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"இது ஆரும் சொல்லச் சொன்னதா, நீ சொல்றதா?"

"நான்தான் சொல்றன் சாச்சி" என்றேன்.